சீவிய இளநீர்

செல்லி இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது, அந்தப் பெண் குறுக்கே கையை நீட்டினாள்.

“குடுக்காதீங்கக்கா.”

செல்லிக்குப் புரியவில்லை. ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில் அவள் கடை போட்டு வருடங்களாகிவிட்டன. அடிபட்டு விழுந்தவன் முதலில் கேட்பது தண்ணீர். அதைக் கொடுத்துவிட்டுத்தான் அங்கே எவரும் ஆம்புலன்சுக்கே போன் போடுவார்கள்.

தாரின் ஓரத்தில் அவன் மல்லாந்து கிடந்தான். முப்பது வயதிருக்கும். மோதிய கண்டெய்னர் லாரி நிற்காமல் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டது. பைக் தள்ளிக் கிடந்தது, பின் சக்கரம் மேலே பார்த்தபடி. வெளியே ரத்தம் அதிகமில்லை. முகம் மட்டும் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“தண்ணி” என்றான்.

இளநீரைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அவள் நெரிசலில் நின்றுவிட்ட கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தவள். சுடிதார். கழுத்தில் அடையாள அட்டை. அதன் நாடாவில், முதலுதவிப் பயிற்சி முடித்தவர்களுக்குக் கம்பெனியில் கொடுக்கும் பச்சை வில்லை. பேச்சில் தெற்கத்தி இழுப்பு இருந்தது.

“இடுப்பெலும்பு ஒடஞ்சு வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. ஆஸ்பத்திரியில நேரா ஆபரேசனுக்குத்தான் கொண்டு போவாங்க. வயித்துல தண்ணி இருந்தா, மயக்க மருந்து குடுக்கையில அது மேல வந்து மூச்சுக்குழாயில எறங்கிரும்.”

பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது அவள் குரல்.

தன் ஷாலை உருவி அவன் இடுப்புக்கு அடியில் நுழைத்தாள். வயிற்றில் கட்டவில்லை. கீழே இறக்கி, தொடை வந்து சேருமிடத்தில் இறுக்கி முடிந்தாள். அவன் அலறினான். அவள் முடிச்சைத் தளர்த்தவில்லை.

“ஆம்பளை மேல கை வெக்கறமேன்னு கூச்சம் இருக்குதா பாரு” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது செல்லிக்குக் கேட்டது.

“போத்தறதுக்கு ஏதாச்சும் குடுங்க” என்றாள் அந்தப் பெண்.

செல்லி ஓடிப்போய், காய்களின் மேல் நனைத்துப் போட்டிருந்த சாக்கைக் கொண்டுவந்தாள்.

“ஈரம் ஆகாதுக்கா.”

கர்நாடகா லாரிக்காரர் ஒருவர் தன் வண்டியிலிருந்து கம்பளியை எடுத்து வந்து கொடுத்தார். அவள் அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள்.

சித்திரை மாதத்து உச்சி வெயில். பஞ்சர் கடைக் கோவிந்தப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

“நிக்கற நாமளே வெந்துகிட்டு இருக்கறோம். கம்பளி போத்தறா! இன்னும் ரெண்டு வெறகு வெச்சா அவனை அவிச்சே எடுத்துரலாம்.”

“உடம்பு குளுந்துட்டா ரத்தம் உறையாதுண்ணே. இப்பத்தான் அதெல்லாம் கண்டுபிடிச்சு எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க.”

“கண்டுபிடிச்சவனை வரச்சொல்லு. வந்து இந்தத் தார் மேல கம்பளி போத்திப் படுக்கட்டும்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கீழே கிடந்தவன் மறுபடியும் தண்ணீர் கேட்டான். இந்த முறை உதடு மட்டும் அசைந்தது.

“பாப, ஸ்வல்ப நீரு கொடம்மா” என்று லாரிக்காரர் கெஞ்சினார்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கைகள் கம்பளியின் ஓரத்தை அவன் தோளுக்கடியில் செருகிக்கொண்டே இருந்தன. செருகி முடித்த இடத்திலேயே திரும்பவும் செருகின.

கோவிந்தப்பனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஏம்மா, சாவக் கெடக்கறவன் ஒரு வாய்த் தண்ணி கேக்கறான். உன் ஊட்டு ஆளா இருந்தா இப்பிடித் தடுப்பியா?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் கடைக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மூடியைத் திருகி எறிந்துவிட்டுக் குனிந்தார். அவள் அவன்மேல் கவிழ்ந்தாள். தண்ணீர் முழுக்க அவள் முதுகில் கொட்டியது. கம்பளி நனைந்துவிட்டதா என்றுதான் அவள் முதலில் தடவிப் பார்த்தாள்.

“பொம்பளையா இவ?” என்றார் கோவிந்தப்பன்.

செல்லிக்கு அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. தவறாக இருந்துவிட்டால், இவன் இந்தத் தாகத்தோடேயே போய்விடுவான் என்றும் தோன்றியது. செல்லி அவன் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தாள்.

“உதட்டையாவது நனைக்கறேன் கண்ணு.”

“நனைங்க. உள்ள ஒரு சொட்டுப் போகக் கூடாது.”

செல்லி இளநீரில் விரலைத் தோய்த்து அவன் உதட்டில் வைத்தாள். நாக்கு விரலைத் தேடிக்கொண்டு வெளியே வந்தது. அவள் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தடுக்கிறவளுக்கே பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று செல்லி நினைத்தாள்.

அத்திப்பள்ளிப் பக்கமிருந்து 108 வந்தது.

ஆம்புலன்ஸ்காரர் கம்பளியை விலக்கி இடுப்பு முடிச்சைப் பார்த்தார். அவிழ்க்காமல் மறுபடியும் மூடினார். மணிக்கட்டில் நாடி தேடினார். கிடைக்கவில்லை. கழுத்தில் வைத்துப் பார்த்து, இருக்கிறது என்று தலையசைத்தார்.

“தண்ணி, சோடா ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்லை” என்றாள் அவள்.

கோவிந்தப்பன் காலிப் பாட்டிலை வேட்டிக்குப் பின்னால் மறைத்தார்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கதவைப் பிடித்தபடி ஆம்புலன்ஸ்காரர் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். ரோட்டில் கிடந்தவனைப் பற்றி யாருக்குத் தெரிந்திருக்கப்போகிறது என்ற குரல்.

“கடைசியா எப்ப சாப்பிட்டாருன்னு தெரியணுமே. கூட வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?”

அந்தப் பெண் அதற்குள் வண்டியின் படியில் ஏறியிருந்தாள். முதுகில் ஈரம் இன்னும் காயவில்லை.

“காலையில எட்டு மணிக்கு, ரெண்டு இட்லி” என்றாள். “மத்தியானச் சோறு ஷிப்டுல பாத்துக்கிடுறேன்னுட்டாக. கிளம்பையில ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்கன்னேன். நேரமாச்சுன்னாக. மோந்து வெச்ச சொம்பு வீட்டுல அப்படியே இருக்கு.”