சும்மா போகிறவர்கள்

படகில் ஏறுகிறவர் தக்க காரணம் சொன்னால்தான் அந்த நடைக்கு அரசு மானியம் தரும். காரணம் கேட்கும் இயந்திரத்துக்குச் 'சும்மா' என்ற சொல் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. தீவுச் சனமோ அக்கரைக்குப் போவதே பெரும்பாலும் சும்மாதான்.

"ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க" என்று ஏழு வருடமாக ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்தே படகோட்டி செலஸ்டினுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

பதிவுகளைப் பார்த்த அரசு, இத்தனை நோயாளிகளா என்று இரங்கி, தீவிலேயே ஆஸ்பத்திரி கட்டி இன்று திறந்துவிட்டது. இனி அந்தக் காரணம் செல்லாது.

தங்கச்சியைப் பார்க்கப் புறப்பட்ட ரெஜினா, முறுக்குப் பொட்டலத்தோடு இயந்திரத்தின் முன் நின்றாள்.

"இப்ப என்னன்னு சொல்லட்டும், தம்பி?"

"உள்ளதச் சொல்லுங்கக்கா. எனக்கும் பொய் தீந்துபோச்சு."

"சும்மாதான்," என்றாள் ரெஜினா.

"மீண்டும் சொல்லவும்," என்றது இயந்திரம்.