பழகிய கை

அந்த விண்கலத்துக்குச் சுக்கான் கிடையாது. விமானியின் உள்ளங்கைச் சூட்டையும் விரல்களின் அழுத்தத்தையும் உணர்ந்துதான் அது திரும்பும். பதினாறு வருடமாக அதற்கு அருளப்பனின் கை மட்டுமே பழக்கம். துணை விமானியின் கையையும் பழக்க வேண்டும் என்பது விதி. தவமணி கேட்கும்போதெல்லாம், "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா, ரெண்டு கை பட்டா இது குழம்பிடும்" என்பார். எல்லா விமானிகளுக்கும் அந்தக் கர்வம் உண்டு.

அவர் இருக்கையிலேயே இறந்து மூன்று மணி நேரமாகிறது. தெரிந்தால் கலம் இயக்கத்தை நிறுத்திவிடும். தவமணி அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிப் பலகையில் பதித்து, பூமிப் பக்கம் திரும்புவதற்காக விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு அண்ணே?" என்று கலம் கேட்டது.

"அவருக்குக் குளிருது" என்றாள் தவமணி. "நீ திரும்பு."

"இருங்க, முதல்ல அண்ணனுக்குக் குளிர் விடட்டும்."

அறை சூடேறத் தொடங்கியது. ஊர் திரும்புவதற்கென்று மிச்சம் வைத்திருந்த எரிபொருளின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கத்தினாள். அது அவள் பேச்சைக் கேட்கப் பழகியதில்லை.

"இப்பப் பரவாயில்லையா அண்ணே?" என்றது கலம். சற்றுப் பொறுத்து இன்னும் கொஞ்சம் சூட்டைக் கூட்டியது.