வீரம்மாவின் பெயரை எழுதினார்

"ஆரைக் கேட்டு இதிலை கண் வைச்சனீர்?"

கார்த்திகேசு போட்ட சத்தத்தில், நுண்ணோக்கியில் குனிந்திருந்த வீரம்மா சட்டென்று எழுந்தாள்.

மலாயாவின் ஈப்போவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல் ஆராய்ச்சி ஆபீஸ் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். கோலா கங்சார் பக்கத்துக் கற்களை இடித்து அலசித் தருவது ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த வீரம்மாவின் வேலை. அலசும்போது அடியில் தங்கிய மண்டியில் கண்ணுக்குத் தெரியாத கூடுகள் இருந்தன. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முந்தைய நீருயிர்கள் விட்டுப்போனவை. அவற்றைப் பார்த்து வரைவது கார்த்திகேசு. சிடுமூஞ்சி, ஆனால் வேலையில் புலி.

அவற்றில் ஒரு வகை யாரும் இதுவரை அறியாத புதிய பேரினம் என்று துரை மகிழ்ந்துபோய், அதற்குக் கார்த்திகேசுவின் பெயரையே வைப்பதாகச் சொல்லியிருந்தார். கட்டுரை வெள்ளிக்கிழமைக் கப்பலில் லண்டனுக்குப் போகிறது.

ஒரே குறை. கூடுகளில் பாதி ஓட்டை. 'நீர் இடிச்சு உடைக்கிறீர்' என்று இரண்டு வருஷமாகக் கார்த்திகேசுவிடம் அவளுக்குத்தான் அர்ச்சனை. இன்னும் உடைந்தால் வேலை போய்விடும் என்று காலையில்கூட எச்சரித்திருந்தார்.

"நான் ஒடைக்கலைங்கய்யா. ஒடைஞ்சா கண்ட எடத்துல ஒடையும். இது எல்லாத்துலயும் உச்சியில, ஒரே அளவுல தொறந்திருக்கு. குஞ்சு பொரிச்சிட்டுப் போன முட்டை ஓடு மாதிரி இருக்குங்க."

கார்த்திகேசு அவளை நகரச் சொல்லிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார். ஒதுக்கி வைத்த ஓட்டைக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரம் தலை நிமிரவே இல்லை. பிறகு பேனாவை எடுத்தார்.

"முழுப்பேர்? தகப்பன் பேர்? எந்தத் தோட்டம்?"

எழுதிக்கொண்டு துரையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"பேரு எழுதிட்டாரா? அப்ப நாளையிலேர்ந்து ஒனக்கு வேலை இல்ல லா" என்றான் பியூன் உடையப்பன்.

"தோட்டத்துல என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனப்பவும் கணக்கெழுதுற கிராணி இப்படித்தாண்ணே கேட்டு எழுதுனாரு. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

உள்ளேயிருந்து மணி அடித்தது. வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

துரை முன்பு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். கட்டுரையின் முதல் தாளைத் தூக்கிக் காட்டினார். "கார்த்திகேசு, இங்கே உன் பேரை ஏன் அடிச்சே? யோசிச்சுச் சொல்லு. கப்பல் ஏறினா மாத்த முடியாது."

"யோசிச்சுத்தான் ஐயா. நான் ரெண்டு வருசம் பார்த்தும் உடைசல் எண்டு ஒதுக்கினன். இவ ஒருக்காப் பார்த்து உயிர் வெளியேறின வாசல் எண்டு கண்டுபிடிச்சிட்டா" என்றார் கார்த்திகேசு. "வீரம்மாவின்ரை பேரை வையுங்கோ."