மூன்றாவது சீட்டு

“அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல இருக்கறது கல்லும்மா, கல்லு!” என்றான் ராண்டல், மேட்டில் மூச்சு வாங்கியபடி.

“கல்லுக்குக்கூட வெயில் பட்டா சூடேறும் தம்பி,” என்று ஒத்து ஊதினாள் ஆர்டிஸ்.

அந்தப் பொம்பளை ஆர்டிஸேதான். ஆற்றங்கரைக் கூடார முகாமில் கோடை முழுக்கக் காவலும் கண்டிப்புமாக இருப்பவள். சம்பளம் கிடையாது, தன் வண்டிவீட்டை நிறுத்திக்கொள்ள இடமும் தண்ணீரும் மின்சாரமும் உண்டு. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுப்பு. ஆரஞ்சு மேல்சட்டையையும் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, பனிமலை ஏரியைப் பார்க்கத் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

நேற்று அவள் முகத்துக்கு நேரே கத்தியவர்கள். இன்று அடையாளம் தெரியவில்லை. சட்டையைப் பார்க்கிற ஜென்மங்களுக்கு முகம் எங்கே தெரியப்போகிறது என்று உள்ளுக்குள் காறித் துப்பினாள்.

“ஐஸ்பெட்டிய மேசை மேல வச்சுட்டு ஆத்துல கால் நனைக்கத்தான் போனோம்,” என்றாள் ஜோலீன். “வந்து பாத்தா பெட்டியக் காணோம். கரடி வருமாம், தூக்கிட்டுப் போயிட்டா! உள்ள என் நாப்பதாவது பிறந்தநாள் கேக்கும்மா. சாயங்காலம் திருப்பிக் குடுக்கறப்ப கஞ்சியா இருந்துச்சு.”

கரடி வந்து உன்னையும் ஒரு வாய் பார்த்திருந்தால் புத்தி வந்திருக்கும் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள். பாட்டில் மூடியை அடுப்புக்குள் போடுவார்கள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் மூஞ்சியையே படம் எடுத்துக்கொள்வார்கள். பதினோரு கோடையாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்கள் என்றாலே குமட்டல்.

“சும்மா விடுவனா? எழுதிட்டேன்ல!” ராண்டல் சட்டைப்பையைத் தட்டினான். மஞ்சள் நிறக் கருத்துச் சீட்டு எட்டிப் பார்த்தது. “கீழ வனத்துறை ஆபீஸ்ல இதக் குடுத்துட்டுத்தான் ஊருக்கு வண்டி ஏறுவேன்.”

ஆர்டிஸ் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இந்தக் கோடையில் அவள் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்ச் சீட்டு. மூன்றாவது வந்தால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வீட்டை விற்றுத்தான் அந்த வண்டியை வாங்கினாள். ஆற்றோரம் அது நிற்கிற ஒன்றாம் எண் இடத்தை விட்டால் உலகத்தில் அவளுக்கு வேறு இடம் இல்லை.

ஏரி வந்துவிட்டது. சுற்றிலும் லார்ச் மரங்கள் மஞ்சளாய்ப் பழுத்து நின்றன, பனிச் சிகரம் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. வருஷத்தில் ஒரே ஒரு வாரம்தான் இந்த நிறம். ஆர்டிஸின் கண்ணில் அந்த மஞ்சள் சீட்டுதான் நின்றது.

“அவள எனக்குத் தெரியும், பாவம்,” என்று மெதுவாக ஆரம்பித்தாள். “அவ புருஷன அலாஸ்காவுல கரடி அடிச்சுப் போட்டுடுச்சு. பக்கத்துக் கூடாரத்துக்காரன் மேசை மேல கறிய விட்டுட்டுப் போயிட்டான், அந்த வாசத்துக்கு வந்த கரடி. அவ கண்ணு முன்னாலயே.”

ஆர்டிஸின் புருஷன் பாய்ஸி நகரத்தில் இன்னொருத்தியோடு கொழுகொழுவென்று இருக்கிறார்.

ஜோலீனின் கண் நிறைந்துவிட்டது. “ஐயோ! அப்படிப்பட்டவங்க இப்பவும் கரடி நடமாடற எடத்துலயா இருக்காங்க?”

“மண்ணுல கரடித் தடம் தெரிஞ்சா அவளுக்குக் கை நடுங்கும். நானே பாத்திருக்கேன்.” ஆர்டிஸ் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

ராண்டல் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தான். ஒரு சீட்டில் திட்டி முடியாது என்று இரண்டு எடுத்து வந்திருந்தானாம். இரண்டாவதைப் பாறைமேல் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, பின்பக்கம் வரை எழுதினார்கள்.

இரண்டு சொட்டுக் கண்ணீருக்கு விலைபோகிற கழுதைகள். ஆர்டிஸ் கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக ஏரியை நன்றாகப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

இறங்கும்போது அவளுக்கு முட்டி வலித்தது. ஜோலீன் கேட்காமலே அவள் முதுகுப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வேணாம், நானே தூக்கறேன்.”

“குடுங்கம்மா! கஷ்டப்படறவங்கள நாங்க அப்படியே விட மாட்டோம். அப்பா போனப்ப எங்கம்மா அந்த வீட்டுலயே இருப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. விட்டனா? ஒரே வாரத்துல வீட்டப் பூட்டி எங்கூட இழுத்துட்டு வந்துட்டேன்.”

“நல்ல காரியம்,” என்றாள் ஆர்டிஸ், காதில் வாங்காமலே.

அடிவாரத்தில் ஆபீஸுக்குள் போன ஜோலீன் கால்மணி நேரம் கழித்து, மூக்குச் சிவக்க வெளியே வந்தாள்.

“வெறும் சீட்ட நீட்டிட்டு வர மனசு வரலம்மா. எல்லாத்தையும் வாயாலயும் சொல்லிட்டேன்.”

“அவளப் பத்தி நல்லபடியாத்தானே?”

“பின்ன? அவங்க வேலையில ஒரு குறையும் இல்லன்னுதான் ஆரம்பிச்சோம். ஆனா புருஷனக் கரடிக்குக் குடுத்தவங்களக் கரடிக்கு நடுவுல உக்கார வைக்கறது பெரிய பாவம், அடுத்த வருஷம் அவங்களக் கூப்பிடவே கூடாதுன்னு எழுதியிருக்கோம்.”

ஆர்டிஸ் ஆபீஸ் கதவைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள்.

ஜோலீன் பையை அவள் தோளில் அன்பாக மாட்டிவிட்டாள்.

“உடனே சரின்னுட்டாங்கம்மா!”