பின்னால் தெரிந்த நீலம்

ஜன்னலுக்கு வெளியே இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. காதுக்கு எவ்வளவு இதம்!

பக்கத்து வீட்டுக்காரனின் புதரை வேரோடு பிடுங்குகிறார்கள். நகராட்சிக்கு நடையாய் நடந்து நான் வாங்கிய உத்தரவு.

"அவனோட அந்த ஓட்டை வேனையும் தூக்கிட்டாங்க. இனிமே அங்க வெறும் சிமெண்ட் தரைதான். ஒழிஞ்சான்!" என்றேன்.

"அப்படி என்னதான் செஞ்சாரு உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"அவன் மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. அதை விடு, நீ இங்க வா."

குளிர்காலத்தில் புதுப் பூச்சிப் படம் ஏது? கோடையில் எடுத்தவற்றைத்தான் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பட்டாம்பூச்சி, வரிப் பட்டாம்பூச்சி, கம்பளி போர்த்தியதுபோல ஓர் அந்துப்பூச்சி.

"ஒரு படத்துக்காவது காட்டுக்குப் போயிருப்பேனா? எல்லாமே இந்த ஜன்னல்ல நின்னு எடுத்தது. பின்னாடி வானம் எப்படி மங்கலா, நீலமா விழுந்திருக்கு பாரு!"

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஈவிரக்கமே இல்லை.

"வானத்துக்கு ஏதுங்க சக்கரம்?"

உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் பின்னால் இருந்தது அந்த ஓட்டை வேனின் நீலம். ஒவ்வொரு பூச்சியின் காலடியிலும் அவனுடைய புதர்.

"வர்ற கோடைக்கு சிமெண்ட் தரையைப் படம் புடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே இயந்திரம் நின்றுவிட்டது. வேலை முடிந்திருக்க வேண்டும்.