பதினோராவது எட்டு

மூன்றாவது வேலிக்கல்லில் முதுகை ஒட்டி நின்று, சண்முகையா எட்டு வைத்து எண்ணத் தொடங்கினார்.

பதினோரு எட்டு.

அதே இடம்தான். இன்றும் அங்கே ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

சுற்றிலும் கொழுஞ்சி ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. துத்தி மஞ்சளாக. தும்பை தரையோடு தரையாக வெள்ளை. நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மொட்டை வட்டம். இத்தனை மழைக்கும் இளகாமல் வெளிறிக் கிடந்தது.

போன வாரம் வேறிடத்திலிருந்து பிடுங்கி வந்து அதில் நட்டுவைத்த துத்திச்செடி கருகிப்போயிருந்தது. அதைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

மணி ஒன்பதே கால். பத்து மணிக்கு ஆட்டோ வந்துவிடும்.

ஆட்டோவில் அவர் மனைவி தாயம்மாள் வருகிறாள். மகள் இந்துமதி செத்த வாரமே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள். நான்கு மாதம் கழித்து இன்றுதான் வாசற்படி தாண்டுகிறாள். பூத்திருக்கா என்று மழை விட்டதிலிருந்து தினமும் கேட்டாள். தினமும் சண்முகையா ஒரே பதிலைத்தான் சொன்னார். நல்லா பூத்திருக்கு.

வேலிக்கல்லுக்குத் திரும்பி நடந்தார். மறுபடி எண்ணினார்.

எட்டைக் கொஞ்சம் குறுக்கி வைத்தால் பதினொன்று ஒரு பெரிய கொழுஞ்சிச் செடியடியில் முடிந்தது. இதைக் காட்டிவிட்டால் என்ன?

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். திரும்பவும் மொட்டை வட்டத்துக்கே வந்து நின்றார்.

களைக்கொத்தோடு வெயிலுகந்தாள் வந்தாள். அவளுடைய நிலம். பருத்தி பொய்த்துப்போன இரண்டு ஏக்கர் கரிசலில், ஓடைக்கரையிலும் தரிசிலும் பொறுக்கிய காட்டு விதைகளை இறைத்திருந்தாள். செத்தவர்களை எரித்த சாம்பலைக் கொண்டுவந்து இந்த மண்ணில் சேர்த்துவிட்டுப் போகலாம். கல் நடக் கூடாது. பேர் எழுதக் கூடாது. மேலே பூ வரும், அவ்வளவுதான்.

"அன்னைக்கே சொன்னம்லா அண்ணாச்சி. எல்லாத்தையும் ஒரே குழியில கொட்டாதீங்கன்னு."

"சொன்ன."

"சாம்பல் உப்புல்லா. ஒரே எடத்துல கெடந்தா வேரை எரிச்சிரும். தோண்டி எடுங்க. மண்ணோட பெசஞ்சு, பரக்க வீசி விடுங்க."

"பெறகு அவ எங்க இருக்கான்னு எப்படித் தெரியும்?"

 வெயிலுகந்தாள் களைக்கொத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

இந்துமதி சென்னையில் வேலை பார்த்த மூன்று வருடமும், போனில் சாப்பிட்டியா என்று தாயம்மாள் கேட்பாள். அவர் கேட்பது ஒன்றுதான். எங்கம்மா இருக்க? பஸ்ஸில் என்பாள். ஹாஸ்டல் படியில் என்பாள். சலித்துக்கொண்டே சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குப் படுக்கை கொள்ளும்.

திருச்செந்தூர்க் கடலில் கரைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது முடியாது என்றுவிட்டார். கடலில் எந்த இடத்தைப் பார்த்துக் கும்பிடுவது?

ஒன்பதரை.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுந்தார். வேலிவரை போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

களைக்கொத்து முதல் வெட்டில் உள்ளே இறங்கவில்லை. சாம்பல் சுவர்ப்பூச்சுபோல இறுகியிருந்தது. கையால் பெயர்த்தார். கட்டி கட்டியாக வந்தது. நொறுக்கும்போது உள்ளங்கையில் சில துணுக்குகள் நெருடின. அவர் குனிந்து பார்க்கவில்லை.

துண்டை விரித்து, கரிசல் மண்ணைச் சேர்த்துப் பிசைந்தார்.

முதல் பிடியைப் பக்கத்திலேயே, இரண்டு எட்டுக்குள், தும்பையடியில் தூவினார். விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது பிடி துத்தியடியில். அதையும் பார்த்துக்கொண்டார். மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார்.

எட்டாவது பிடியை வீசியபோது காற்று வாங்கிக்கொண்டது.

எங்கே விழுந்தது என்று தேடினார். எல்லாச் செடியும் ஒன்றுபோல ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. செடிகளுக்குள் விறுவிறுவென்று நடந்தார். கிட்டத்தட்ட ஓடினார். அள்ளி அள்ளி வீசினார். துண்டு காலியானது தெரியாமல் அதற்குள் இன்னொரு தடவை கைவிட்டார்.

சாலையில் ஆட்டோ வந்து நின்றது.

தாயம்மாள் கைத்தடியை ஊன்றி இறங்கினாள். டிரைவர் பிடிக்க வந்ததை வேண்டாம் என்றாள். இவரிடம் எதுவும் கேட்கவில்லை. இவருக்காக நிற்கவும் இல்லை. தடி மண்ணில் புதையப் புதைய, வேலியோரமாகவே நடந்து, மேற்கு மூலைக்குப் போனாள். அங்கே கொழுஞ்சி முழங்கால் உயரம் நின்றது.

"இங்கனதானா?"

வீசியபோது அவர் அந்த மூலைப் பக்கம் போகவே இல்லை.

"ஆமா."

அவள் தலையாட்டினாள். நெடுநேரம் பூவைப் பார்த்தபடி நின்றாள். கால் கடுத்ததோ என்னவோ, பிடிமானத்துக்கு அவர் கையை எட்டிப் பற்றினாள்.

பற்றியவள் குனிந்து பார்த்தாள். விரலிடுக்கு, நகக்கண், ரேகை எல்லாம் சாம்பல்.

பின்னால் வெயிலுகந்தாள் செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"கையக் கழுவிக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் கையை இழுத்தார். தாயம்மாள் விடவில்லை.

"இருக்கட்டும்," என்றாள்.