குழாயிலிருந்து நான்காம் பாத்தி

நகராட்சித் தோட்டத்தில் வெள்ளாட்டுக்கு ஒரு பாத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. குழாயிலிருந்து நான்காவது என்று சீட்டில் எழுதியிருந்தது. ஒரு மாதம் பாத்தி வெறுமையாகக் கிடந்தால் நகராட்சி திருப்பி எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு மாதமும் எட்டிப் பார்க்காத வெள்ளாடு, மேற்பார்வைக்குக் கொக்கு வருகிற நாளில் அரக்கப்பரக்க வந்து எண்ணிப் பார்த்தது. நான்காவது பாத்தியில் முள்ளெலி கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"என் இடத்துல உனக்கென்னடி வேலை? அடுத்தவ மண்ணுல வெதச்சுத் திங்க வெக்கமா இல்ல?"

தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு, கீரை முழுவதையும் வெள்ளாடு மேய்ந்து தீர்த்தது.

முள்ளெலி மெதுவாகச் சொன்னது: "அக்கா, சீட்டு எழுதின பிறகு குழாயை இடம் மாத்திட்டாங்க. உங்க பாத்தி அதோ, வேலியோரம்."

வேலியோரப் பாத்தியில் கீரை தளதளவென்று நின்றது.

"நீங்க வரவே இல்ல. பாத்தி கைவிட்டுப் போயிடுமேன்னு மிச்ச விதையை நான்தான் அங்க தூவினேன்."

வெள்ளாட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்குள் கொக்கு வந்து, மொட்டையாகக் கிடந்த பாத்தியின் முன்னால் நின்றது.

"இது யாருடையது? ஏன் ஒன்றுமே விளையவில்லை?"

முள்ளெலி வெள்ளாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. 

"என்னுதுதாங்க" என்றது கடைசியில்.

கொக்கு ஏட்டில் ஒரு பெயரை அடித்தது. வெள்ளாடு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பல்லிடுக்கில் கீரைத்தண்டு தெரிந்துவிடும்.